ரிவிட் தலை மேல் வினைல்: குறை எப்போது தெரிகிறது என்பதை வைத்துக் காரணம் பிடிப்பது

ட்ரெய்லரில் ஒட்டிய வினைல் (பசை பூசிய பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஃபிலிம்) ரிவிட்டைச் சுற்றிக் கெட்டுப்போய் வண்டி திரும்பி வந்தால், பிளேடை எடுக்கும் முன் வண்டிக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: முதலில் எப்போது கண்ணில் பட்டது? ஒட்டிய மறுநாளே வெளுத்தது என்றால் இழுத்த ஃபிலிம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. உச்சி வெயிலில் புடைத்து ராத்திரி அடங்குகிறது என்றால் உள்ளே காற்றோ பெயின்ட் ஆவியோ இருக்கிறது. மழைக்குப் பிறகு என்றால் தண்ணீர் தகட்டின் பின்பக்கத்திலிருந்து வருகிறது. ஐந்தாறு மாதம் நன்றாக இருந்து பிறகு கெட்டது என்றால் பெரும்பாலும் வாங்கிய ரோலே தப்பு. பாதி நோய் இந்தப் பதிலிலேயே பிடிபட்டுவிடும்.

இங்கே பேசுவது டெல்டாவில் அன்றாடம் பட்டறைக்கு வரும் வண்டிகளை: நாகப்பட்டினம், காரைக்கால் பக்கத்து மீன் வண்டிகள், அரிசி ஆலைகளின் மூடிய பாடி, ரோட்டோரச் சாப்பாட்டு ட்ரெய்லர், டிராக்டர் பின்னால் இழுக்கும் டிரெய்லர். இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு, அதைப் பிடிக்க வரிசையாகப் பாப் ரிவிட் (நடு ஆணியை இழுத்து அறுத்து இறுக்கும் ரிவிட்), இணைப்பில் தானே துளையிட்டு இறங்கும் செல்ஃப் ட்ரில்லிங் ஸ்க்ரூ. இந்த அமைப்பு எல்லாவற்றுக்கும் பொது.

கையில் இருக்க வேண்டியவை: 500 டிகிரிக்கு மேல் போகும் ஹீட் கன், ஃபிலிமை அழுத்தித் தேய்க்க ஃபெல்ட் துணி சுற்றிய ஸ்க்வீஜி, காற்று விடும் ஊசி, ரிவிட்டைச் சுற்றி ஃபிலிமை அழுத்தும் ரிவிட் பிரஷ், தூரத்திலிருந்தே சூடு காட்டும் லேசர் தெர்மாமீட்டர், ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் 70 பங்குக்குச் சுத்தமான தண்ணீர் 30 பங்கு கலந்த பாட்டில், பஞ்சு உதிராத துணி. ரிவிட் பிரஷ் உள்ளூரில் கிடைக்காவிட்டால், உருண்டை பெயின்ட் பிரஷ்ஷின் முடியை 2 செ.மீ. நீளத்துக்கு நேராக வெட்டிக்கொண்டால் வேலை நடக்கும். முடி ரொம்ப விறைப்பாக இருந்தால் ஃபிலிமில் கீறல் விழும். மெல்லிய நைலான் முடியாக இருந்தால் ஹீட் கன் காற்றில் சுருண்டுவிடும்.

மறுநாளே ரிவிட்டைச் சுற்றி வெள்ளை வளையம்

அதிகம் வரும் குறை இதுதான். 10 மி.மீ. அகலத் தலை, 2.5 மி.மீ. உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வட்டத்துக்குத் தட்டையாக வேண்டிய ஃபிலிமைவிட, குமிழ்த் தலையை மூட 25 சதவீதம் கூடுதல் பரப்பு வேண்டும். அந்தக் கூடுதலை ஃபிலிம் நீண்டுதான் கொடுக்கிறது. சூடு போதாமல் நீட்டினால் ஃபிலிம் சுருங்கப் பார்க்கும். தலையின் அடிவாரத்தில் பசை பிடிக்கும் இடமோ குறைவு. அங்கேதான் முதலில் எழும்பும்.

வளையத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள். படிந்து, சில நிமிடத்தில் மெல்ல எழுந்தால் ஃபிலிமின் இழுவை. அழுத்தும்போது பக்கத்தில் நகர்ந்து ஓடினால் காற்று. படியவே படியாமல் உள்ளே நெறுநெறு என்றால் தூசி, அதற்கு வைத்தியம் கிடையாது, அந்த இடத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

இழுவையோ காற்றோ என்றால், சில நாட்களுக்குள் வந்த வண்டியைப் பெரும்பாலும் அதே ஃபிலிமிலேயே சரிசெய்யலாம். ரிவிட்டின் அடிவாரத்தில், தலை மேல் அல்ல, ஊசியால் இரண்டு மூன்று இடத்தில் குத்துங்கள். ஹீட் கன்னை 5 முதல் 8 செ.மீ. தூரத்தில் வைத்து இரண்டு மூன்று விநாடி காட்டினால் ஃபிலிம் தளர்ந்து மினுங்கும். கன்னை விலக்கி, பிரஷ்ஷை உடனே வைத்து, வளையத்தின் வெளி ஓரத்தில் தொடங்கி வட்டமாகச் சுற்றிச் சுற்றி உள்ளே வாருங்கள். காற்று ரிவிட் பக்கம் ஒதுங்கி, குத்திய துளை வழியாகப் போகும். கடைசியில் தலையின் பக்கவாட்டை நேராக அழுத்தி, ஃபிலிம் ஆறும்வரை பிரஷ்ஷை எடுக்காமல் பிடியுங்கள். நிறையப் பேர் விடும் இடம் இதுதான். சூடாக இருக்கும்போதே கையை எடுத்தால் செய்ததெல்லாம் பின்னால் போகும்.

அந்த வரிசை முழுவதும் முடிந்து தகடு ஆறிய பிறகு, இன்னொரு முறை சூடு கொடுக்க வேண்டும். இது வேறு வேலை. முதல் சூடு ஃபிலிமை வளைக்க, இரண்டாவது சூடு அது பழைய வடிவத்தை மறக்க. காஸ்ட் ஃபிலிம்களுக்கு (திரவமாக ஊற்றித் தயாரிக்கும் வகை) பொதுவாக மேற்பரப்பு 90 முதல் 110 டிகிரிக்குள் வர வேண்டும். சரியான எண் ரோலோடு வரும் டேட்டா ஷீட்டில் இருக்கும். லேசர் தெர்மாமீட்டர் இல்லாமல் கைக்கணக்கில் செய்பவர்கள் இரும்புச் சட்டம் பின்னால் ஓடும் இடத்தில் தோற்றுப்போவார்கள். தகடு மட்டும் உள்ள இடம் சீக்கிரம் சூடேறும். சட்டத்தோடு சேர்ந்த இடம் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ரிவிட்டெல்லாம் இருப்பது அந்தச் சட்டத்தின் மேல்தான்.

புதிதாக ஒட்டும்போதே இந்தக் குறை வராமலிருக்க, ஒரு பேனலில் தட்டையான இடம் முழுவதையும் முதலில் ஸ்க்வீஜி போட்டு முடித்துவிடுங்கள். ரிவிட் வரும் இடத்தில் தலையைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு ஃபிலிம் கூடாரம் மாதிரி நிற்கட்டும், ஸ்க்வீஜியால் ரிவிட்டைத் துரத்த வேண்டாம். கூடாரம் அகலமாக இருந்தால் நீட்சி பரவலாகப் பிரியும். தலை ஓரம் வரை ஒட்டிவிட்டால் மொத்த நீட்சியும் 2 மி.மீ. வளையத்தில் வந்து நிற்கும். மாறாக, தட்டையான இடத்துக்கு முன்பே ரிவிட்டை அழுத்தினால், அடுத்த ரிவிட்டுக்கு நடுவே சுருக்கம் விழும்.

சோப்புத் தண்ணீர் அடித்து ஒட்டும் பழக்கம் கண்ணாடிக்கும் தட்டையான போர்டுக்கும் சரி. ரிவிட் உள்ள தகட்டில் அந்தத் தண்ணீர் ஒவ்வொரு தலையின் அடியிலும் தேங்கி நிற்கும், பசை பிடிக்காது. நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்த்து, இன்ஸ்டன்ட் பசையை வளையத்துக்குள் விடுகிறவர்களும் உண்டு. காய்ந்ததும் அது விறைத்து வெள்ளை பூத்து, முன்பைவிட அசிங்கமாகும்.

தலை மேல் ஃபிலிம் கிழிகிறது, அல்லது நட்சத்திரம் போல வெடிக்கிறது

ஒட்டும்போதே கிழிந்தால், சூடு அதிகம் அல்லது சூட்டை ஒரே இடத்தில் நிறுத்தியது. ஃபிலிம் மினுங்கும்போது வளையும், அதைத் தாண்டினால் துளை விழும். இந்த இடைவெளி சில விநாடிதான், அதனால் கன் அசைந்துகொண்டே இருக்க வேண்டும்.

சில வாரம் கழித்து உச்சியில் வெடித்தால், ரிவிட்டைத் தொட்டுப் பாருங்கள். பாப் ரிவிட்டின் நடு ஆணி அறுந்த இடத்தில் சில சமயம் கூர்முனை நீட்டிக்கொண்டிருக்கும். வண்டி அதிரும்போது அது உள்ளிருந்து ஊசி போலக் குத்தும். ஒட்டும் முன் ஒவ்வொரு வரிசையிலும் உள்ளங்கையை ஓட்டிப் பார்த்து, குத்தும் முனையை அரத்தால் இரண்டு தேய்ப்பு தேய்த்தால் போதும்.

கூர்முனை இல்லாமலே எல்லா ரிவிட்டிலும் வெடித்திருந்தால் ரோல்தான் காரணம். அதைக் கடைசியில் பார்ப்போம்.

மதியம் புடைக்கிறது, ராத்திரி அடங்குகிறது

எங்கே புடைக்கிறது என்று பாருங்கள். ரிவிட் தலை மேல் மட்டும் என்றால், பாப் ரிவிட்டின் நடுக்குழியில் அடைபட்ட காற்று. வெயிலில் நிற்கும் தகடு 60 டிகிரியைத் தொடும்போது அந்தக் காற்று விரிகிறது. தலை உச்சியில் ஊசியால் ஒரே ஒரு குத்து, லேசான சூடு, விரலால் அழுத்தல், அவ்வளவுதான். புது வேலையில், ஒட்டுவதற்கு முந்தைய நாளே குழியைப் பெயின்ட் பிடிக்கும் பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட் ஒரு துளி வைத்து நிரப்பி, மட்டமாகத் துடைத்துக் காயவிடலாம். சிலிக்கான் சீலன்ட் வேண்டாம். அதன் மேல் எந்தப் பசையும் பிடிக்காது, துடைத்த துணியில் ஒட்டியதே அடுத்த ரிவிட்டையும் கெடுக்கும்.

ரிவிட் இல்லாத இடத்திலும் அரிசி அரிசியாகக் கொப்புளம் என்றால், பெயின்ட் இன்னும் காயவில்லை. தொட்டால் காய்ந்தது வேறு, உள்ளே இருக்கும் தின்னர் ஆவியாகி முடிவது வேறு. பாடி கட்டும் பட்டறையில் பெயின்ட் அடித்து, மறுநாளே ஸ்டிக்கருக்கு அனுப்பும் வழக்கம் இங்கே உண்டு, அதுவும் அறுவடைக்கு முன்னால் வண்டி இறங்க வேண்டும் என்றால் கேட்கவே வேண்டாம். அடுப்பில் சுடாத பெயின்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இன்னும் அதிகம் விடுங்கள். சந்தேகம் இருந்தால் உள்ளங்கை அளவு வினைல் துண்டு ஒன்றை ஒட்டி ஒரு நாள் வெயிலில் வையுங்கள். கொப்புளம் கண்டால் வண்டியைத் திருப்பி அனுப்புவதுதான் மரியாதை. கொப்புளம் வந்த பிறகு குத்திக்கொண்டிருப்பதில் பலனில்லை, ஆவி நிற்கும்வரை புதிது வந்துகொண்டே இருக்கும்.

மழைக்குப் பிறகு தண்ணீர்க் கொப்புளம்

கொப்புளத்தின் கீழ்ப்பகுதியில் குத்தினால் தண்ணீர் சொட்டும். குறை வினைலில் இல்லை. கூரை இணைப்போ மேல் ஓரத்து ரிவிட்டோ ஒழுகி, தகட்டுக்குப் பின்னால் இறங்கி, தளர்ந்த ரிவிட்டின் ஓட்டை வழியாக வெளியே எட்டிப் பார்க்கிறது. ஐஸ் பெட்டி வண்டியில் மழையே வேண்டாம், உள்ளே ஐஸ் உருகினாலே போதும்.

வண்டியின் உள்ளே போய் அந்த ரிவிட்டுக்கு நேர் பின்பக்கத்தையும் அதற்கு மேலேயும் பாருங்கள். ஈரத் தடம் தொடங்கும் இடத்தைப் பிடித்து, அங்கே சீலன்ட் போட்டு, ரிவிட்டை மாற்றி, உலர்த்தி, அதன் பிறகே வினைலைத் தொடுங்கள். வெளிப்பக்கத்தில் ஃபிலிம் மேலேயே சீலன்ட் பூசினால் தண்ணீர் வேறு ரிவிட்டைத் தேடிக்கொள்ளும்.

ஃபிலிம் இணைப்பும் ஒரு காரணமாகலாம். கீழ்ப் பட்டையை முதலில் ஒட்டி, மேல் பட்டை அதன் மேல் 12 மி.மீ. ஏறி வர வேண்டும், ஓடு வேய்வது அப்படித்தானே. பக்கவாட்டில் வண்டியின் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். அப்போது ஏறி நிற்கும் ஓரம் பின்பக்கம் பார்க்கும், காற்று கிளப்பாது. இணைப்பு ரிவிட் வரிசையின் மேல் விழக் கூடாது. இரண்டு தகடு சேரும் இடத்தில் ஃபிலிமைப் பாலம் போல விடாமல் பிளேடால் பிரித்து, இரு பக்கமும் மடக்கி அழுத்துங்கள். தகடுகள் தனித்தனியாக அசைகிறவை.

ரிவிட்டைச் சுற்றிக் கறுப்பு அல்லது சாம்பல் வளையம், ஸ்க்ரூவைச் சுற்றிப் பழுப்பு

வளையத்தைத் துடைத்தால் போகிறதா? போனால் வெளியே தெரியும் பசையில் ஒட்டிய ரோட்டுத் தூசி, ஆல்கஹால் துணியால் துடைத்தால் சரி. துடைத்தும் சில நாளில் சாம்பல் நிறப் பொடி, ரிவிட்டிலிருந்து கீழ்நோக்கி வால் விட்டு வந்தால், ரிவிட் தளர்ந்து தகட்டோடு தேய்கிறது. அது அலுமினியப் பொடி. அந்த ரிவிட்டின் மேல் எந்த ஃபிலிமும் நிற்காது. துளையிட்டு எடுத்து, துளை பெரிதாகியிருந்தால் ஒரு சைஸ் கூடுதலாக அடிக்க வேண்டும்.

பழுப்பு என்றால் துரு. அலுமினியத் தகட்டில் சாதாரண இரும்பு ஸ்க்ரூ முடுக்கி, இடையில் உப்பு ஈரம் சேர்ந்தால், இரண்டு உலோகமும் சேர்ந்தே அரிக்கத் தொடங்கும். ஸ்க்ரூ துருப்பிடிக்கும், அதைச் சுற்றி அலுமினியமும் வெள்ளைப் பொடியாகும். வேதாரண்யம், நாகை, தரங்கம்பாடி ஓரம் ஓடும் வண்டிகளில் இது சீக்கிரம் வரும், கும்பகோணம் பக்கம் மெதுவாக. துருவின் மேல் ஃபிலிமை ஒட்டி மறைப்பது கொஞ்ச நாளைக்குத்தான், துரு பருத்து ஃபிலிமைத் தூக்கும். ஸ்க்ரூவை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றி, அடியில் ரப்பர் அல்லது நைலான் வாஷர் கொடுத்து, வெள்ளைப் பொடியைச் சுரண்டி, பிரைமர் அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டுங்கள்.

அறுகோணத் தலை ஸ்க்ரூவில் ஃபிலிம் நிற்கவே மாட்டேன் என்கிறது

நிற்காது. குமிழ்த் தலைக்குச் சரிவு உண்டு. அறுகோணத் தலைக்குச் செங்குத்துச் சுவரும் ஆறு கூர்முனையும். எவ்வளவு நல்ல காஸ்ட் ஃபிலிமும் அங்கே கிழியும், அல்லது கூடாரம் அடிக்கும். மூன்று வழி. முதலாவது, ஸ்க்ரூவை கழற்றி, ஒட்டி, திரும்ப முடுக்குவது. சட்டம் தாங்கும் என்றால் ஒரு வரிசையில் ஒன்று விட்டு ஒன்றாகக் கழற்றுங்கள், எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றினால் தகடு நகர்ந்து துளை பொருந்தாது. திரும்ப முடுக்கும்போது ஃபிலிம் சுற்றிக்கொண்டு கிழியாமலிருக்க, துளையைச் சுற்றி வாஷரின் அகலத்துக்கு வெட்டி எடுத்துவிடுங்கள். இரண்டாவது, தட்டையான அகலத் தலை ஸ்க்ரூவாக மாற்றுவது. மூன்றாவது, தலையைச் சுற்றி 3 மி.மீ. விட்டு வட்டமாக வெட்டி, தலையை அதே நிறப் பெயின்ட்டால் தொட்டு வைப்பது. இரண்டு அடி தள்ளி நின்றால் தெரியாது. மூன்றாவதைக் குறைவாக நினைக்க வேண்டாம், நீடிப்பதில் இதுவே முதல்.

வெட்டும்போது பிளேடை லேசாகப் பிடியுங்கள். தகட்டில் பெயின்ட் வரை கீறினால் அந்தக் கீறலில் அரிப்பு தொடங்கும்.

ஒரு பேனல் முழுவதும் பசை பிடிக்கவில்லை

இது ரிவிட் பிரச்சினை போலத் தெரியும், ஏனென்றால் முதலில் விடுவது ரிவிட் பக்கத்தில்தான். உண்மையில் கழுவியதில் கோளாறு. ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கழுவி அப்படியே காயவிட்டால் தகட்டில் வெள்ளைப் படலம் நிற்கும், ரிவிட் அடிவாரத்தில் இன்னும் கெட்டியாக. கடைசிக் கழுவல் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். டீசல், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தால் எண்ணெய்ப் படலம் தங்கும். ஆல்கஹால் கலவையில் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியாகும் முன்னரே இன்னொரு உலர்ந்த துணியால் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அழுக்கு இடம் மாறி உட்காரும். ரிவிட்டைச் சுற்றி, விரல் நுனியில் துணியைச் சுற்றி ஒவ்வொன்றாகத் துடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நேரமும் முக்கியம். மார்கழி, தை விடியலில் தகடு பனியில் நனைந்திருக்கும். கண்ணுக்குக் காய்ந்தது போலத் தெரிந்தாலும் ரிவிட் இடுக்கில் ஈரம் இருக்கும், ஒன்பது மணிக்கு மேல் தொடங்குங்கள். சித்திரை, வைகாசியில் நேர்மாறு: சூடான தகட்டில் பசை தொட்டதும் பிடித்துக்கொள்ளும், ஃபிலிமை நகர்த்த முடியாது, காற்று அடைபடும். தகடு 35 டிகிரிக்குக் கீழே இருக்கும் காலையிலோ, கொட்டகை நிழலிலோ செய்யுங்கள். ஆடிக் காற்றில் திறந்த வெளியில் லைனரை (பசையை மூடியிருக்கும் காகிதத்தை) உரிக்கவே கூடாது. அறுவடைக் காலத்தில் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் பக்கத்தில் உரிப்பதும் அதே கணக்குதான், பதரும் உமித் தூசியும் பசையில் வந்து படியும்.

மாதங்கள் கழித்து ஓரம் சுருங்கி, பசைக்கோடு தெரிகிறது. எல்லா ரிவிட்டும் வெளுத்துவிட்டது

ரோல் காலண்டர்டு வகை. கடைகளில் விலை குறைவாகக் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். உருளைகளுக்கு நடுவே அழுத்தி இழுத்துத் தயாரிப்பதால் அதற்குள்ளே இழுவை இருந்துகொண்டே இருக்கும், வெயில் பட்டால் சுருங்கும். பெரும்பாலும் 70 முதல் 100 மைக்ரான் கனம். காஸ்ட் வகையைத் திரவமாக ஊற்றிக் காயவைக்கிறார்கள், 50 மைக்ரான் அளவு, இழுவை அநேகமாக இல்லை. ரிவிட்டுக்கு இதுதான். காஸ்ட் பிரின்ட் மேல் காலண்டர்டு லேமினேஷன் (அச்சைக் காக்க மேலே ஒட்டும் படலம்) போட்டால் கொடுத்த காசு வீண், மேலே இருக்கும் கனத்த படலம் கீழே இருப்பதையும் சேர்த்து இழுக்கும். இரண்டும் காஸ்ட் ஆக இருக்க வேண்டும். சால்வென்ட் இங்க் பிரின்ட்டை லேமினேஷனுக்கு முன் குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் தளர்வாகச் சுற்றி ஆறவிடுங்கள். இங்க்கின் ஆவி பசைக்குள் இறங்கினால் அது இளகி, ரிவிட்டில் பிடி விடும்.

பட்ஜெட் இடம் கொடுக்காவிட்டால் காலண்டர்டு ஃபிலிமை ரிவிட்டுக்கு நடுவே உள்ள தட்டையில் மட்டும் ஒட்டி, தலைகளை வட்டமாக வெட்டி எடுத்துவிடுங்கள். வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிட்டால் சண்டை இல்லை.

எழுத்தும் படமும்

வெட்டு எழுத்தில் 10 மி.மீ.க்கும் மெல்லிய கோடு ரிவிட்டைக் கடந்தால் அது ஒரு பக்கம் விலகிக் கோணும். வெட்டிய எழுத்தைத் தூக்கி ஒட்டும் பேப்பர் டிரான்ஸ்ஃபர் டேப் நீளாது, அதனால் தட்டையில் அழுத்தியதும் டேப்பை உரித்துவிட்டு, பிறகு ரிவிட்டுக்கு வாருங்கள். நீட்டிய இடத்தில் அச்சு நிறமும் வெளிறும், கருநீலமும் சிவப்பும் அதிகம் காட்டிக்கொடுக்கும்.

டிசைன் போடும் முன் பேனலை நேராக நின்று போட்டோ எடுத்து, ரிவிட் வரிசைகளை அளந்து லேஅவுட்டில் குறியுங்கள். போன் நம்பரில் ஒரு இலக்கம் ரிவிட்டில் விழுந்து 3 என்பது 8 ஆகத் தெரிந்தால் கடைக்காரர் பொறுத்துக்கொள்ளலாம். பிள்ளையார் கண்ணிலோ அப்பா படத்தின் நெற்றியிலோ ரிவிட் முட்டிக்கொண்டு நின்றால் யாரும் பொறுக்க மாட்டார்கள்.

பக்கவாட்டு மஞ்சள், பின்பக்கச் சிவப்பு, முன்பக்க வெள்ளை ஒளிபிரதிபலிப்பு டேப் மேல் எந்த வினைலும் ஏறக் கூடாது, அது சட்டப்படி தெரிய வேண்டிய பட்டை. அந்த டேப்பை ரிவிட் மேல் சூடு கொடுத்து இழுக்கவும் வேண்டாம், உள்ளே ஒளியைத் திருப்பும் நுண்ணிய அமைப்பு உடைந்து, ஈரம் ஏறிக் கறுக்கும். ரிவிட்டுக்கு முன் வெட்டி நிறுத்தி, தாண்டித் தொடருங்கள்.

வேலை முடிந்த வண்டியை இரண்டு நாள் பிரஷர் வாஷுக்கு விட வேண்டாம். அதன் பிறகும் முனை 30 செ.மீ.க்குக் கிட்டே வராமல், விசிறி போல விரியும் தண்ணீரை நேராக அடிக்கச் சொல்லுங்கள். ரிவிட் ஓரத்தில் சாய்த்து அடித்தால் ஃபிலிமுக்குள் தண்ணீர் புகும்.